கிழக்கு வரிசை

ஜனவரி 23, செவ்வாய்

காத்து விடியக்காலமைதான் நிண்டது. நேற்று அளக்கேலாமல் போச்சு. வெளியில காலை வைச்சிருந்தால் என்னையும் தூக்கிக்கொண்டு போய் டென்மார்க்கில இறக்கியிருக்கும். இண்டைக்குத் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனன்.

சேர்ச்சின்ர கிழக்குச் சுவரில இருந்து கரை விளிம்பு மட்டும் போன திங்கள் பதினாலு மீட்டர். இண்டைக்கு ஒன்பது. ஒரே காத்தில ஐஞ்சு மீட்டர்! பதினொரு வருசமாக் கவுன்சிலுக்கு ஒவ்வொரு திங்களும் அளந்து அனுப்பிறன், இப்பிடி ஒரு அநியாயத்தை நான் காணேல்லை. இந்த மார்ஸ்தோர்ப் எண்ட இங்கிலீசுக் கடலோர ஊரைக் கடல் ஒரு கரையில இருந்து பாண் துண்டு மாதிரிக் கடிச்சுக்கொண்டு வருது.

கல்லறைகளின்ர கிழக்கு வரிசை முழுக்கக் கடலோட போட்டுது. ஏழு கல். ஒண்டு கீழ கடற்கரையில குப்புறக் கிடக்குது, மிச்சமெல்லாம் களிக்குள்ள. கிழவன் வால்ட்டரின்ர கல்லும் போட்டுது. பாவம் மனிசன். முப்பது வருசம் இந்த ஊரில ஆர் செத்தாலும் கிடங்கு வெட்டினது அவர்தான். கடைசியில அவற்ற கிடங்கையே கடல் கொண்டு போட்டுது.

பேந்து மேற்குப் பக்கம் ஓடிப்போய்ப் பாத்தன். சைக்கமோர் மரம் அப்பிடியே நிக்குது. சுவரில ஒரு வெடிப்புக் கூட இல்லை. கடவுளே, எங்கட பக்கம் ஒண்டுமில்லை.

என்ர மனிசி லோசனி எங்கட வீட்டு மேல்மாடி யன்னலில நிண்டு பாத்துக்கொண்டிருந்தா. மரத்தைக் காட்டிக் கையை ஆட்டினன். தலையாட்டினா. வீட்டை வந்து ரெண்டு தரம் புட்டுப் போட்டு முட்டைப் பொரியலோட சாப்பிட்டன். நல்லாப் பசிச்சிருந்தது.

பெப்ரவரி 2, வெள்ளி

சேர்ச் அலுவலகத்தில இருந்து கடிதம். மிச்சமிருக்கிற கல்லறை எல்லாத்தையும் மார்ச் முடிய முன்னம் தோண்டி எடுத்து, நாலு மைல் உள்ளுக்குப் புதுச் சவக்காலைக்குக் கொண்டு போகினமாம். உறவினர் படிவம் நிரப்ப வேணும். பேர், வருசம், எவடம். பதிவேட்டில பேரும் திகதியும் மட்டும்தான் இருக்காம். கல் வைக்காத கிடங்கு எது எங்க எண்டு ஆரும் கீறி வைக்கேல்லை. வால்ட்டரின்ர தலைக்குள்ள இருந்த வரைபடம் வால்ட்டரோட போட்டுது.

எங்கட பிள்ளையும் அங்கதான். 1988, நவம்பர். பத்தொன்பது நாள் இருந்தாள், ஹல் ஆஸ்பத்திரியில, கண்ணாடிப் பெட்டிக்குள்ள. முப்பத்தோராம் நாள்தான் எங்களில பேர் வைக்கிறது. அதுவரைக்கும் அவள் நிக்கேல்லை. பச்சைக் குழந்தையை எங்களில எரிக்கிறேல்லை, புதைக்கிறது. அதால இந்த வெள்ளைக்காரரின்ர சேர்ச் வளவில இடம் கேட்டன். மறுக்காமல் தந்திச்சினம். பொம்பிளையள் சவக்காலைக்குப் போறேல்லை. அதால நான் மட்டும் போனனான்.

படிவத்தில எழுதினன். பேர்: இல்லை. எவடம்: மேற்குச் சுவரோரம், சைக்கமோர் மரத்துக்குக் கீழ. அந்த இடத்தை எழுதேக்க பேனை ரெண்டு தரம் நிண்டுது. மை முடிஞ்சுபோச்சாக்கும்.

லோசனி பக்கத்தில நிண்டு வாசிச்சா.

"இந்த முறை நானும் வருவன்" எண்டா.

"பாப்பம்."

"என்ன பாக்கிறது? அண்டைக்குத்தான் வரக்கூடாது எண்டனீங்கள். பேசாமல் இருந்தன். இப்ப எனக்கு அறுபத்தாறு வயசு. இனி ஆர் என்னை மறிக்கிறது?"

ஒருதரும் மறிக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டுக் கடிதம் போடப் போனன். முந்தி தபால்கந்தோர் வீட்டுக்குக் கீழ இருந்த எங்கட கடைக்குள்ளதான் இருந்தது. இப்ப ஒரு மைல் நடக்க வேணும்.

பெப்ரவரி 8, வியாழன்

ஊர் வரலாற்றுச் சங்கக் கூட்டம். ஊர் கடலுக்குள்ள போக முன்னம், இஞ்ச பிறந்து வளர்ந்த ஆக்களின்ர சின்ன வயசு ஞாபகங்களைச் சேர்த்து ஒரு புத்தகம் போடினம். முப்பத்தொரு வருசம் கடை வைச்சிருந்தவன் எண்டு என்னையும் குழுவில போட்டிருக்கினம். என்ர வேலை, ஆக்கள் சொல்லுறதை ஒலிப்பதிவு செய்யிற பெட்டியை அமத்தி ஓட விடுறதும் பிஸ்கட் வாங்கிறதும்.

வேடிக்கை என்னெண்டால், பாதிப்பேற்ற சின்ன வயசுக்குள்ள நான் நிக்கிறன். "வில் எங்களுக்குச் சும்மா இனிப்புத் தருவார்" எண்டு மூண்டு பேர் சொல்லிப்போட்டினம். பச்சைப் பொய். வில்வராசா எண்ட பேரை வில் ஆக்கின ஆக்களுக்குச் சும்மா இனிப்பு வேறையோ? அவையின்ர சின்ன வயசில நான் இருக்கிறன். என்ர சின்ன வயசில அவை ஒருதரும் இல்லை, நான் பிறந்த கொக்குவிலும் ரயில் பாதையும்தான் கிடக்குது.

எண்பத்தெட்டு வயசு நோர்மன் கதைச்சார். இதுக்கு முன்னம் இருந்த பழைய சேர்ச்சும் கடலுக்குள்ளதானாம் போனது, அவற்ற பாட்டன்ர காலத்தில. ஆனால் அவர் பெடியனா இருக்கேக்கயும் பெரிய காத்து அடிச்சு ஓஞ்சால் பிள்ளையள் கடற்கரைக்கு ஓடுவினமாம், சவப்பெட்டியளின்ர பித்தளைக் கைபிடி பொறுக்க. ரெண்டு கைபிடிக்கு எட்டு மாபிள் குண்டு மாத்தலாமாம். எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சன்.

பெப்ரவரி 12, திங்கள்

ஒன்பது மீட்டர். மாற்றமில்லை. லோசனி மேல்மாடி யன்னல் கண்ணாடியைத் துடைச்சா. அது ஊத்தையே இல்லை.

பெப்ரவரி 17, சனி

லோசனி வெள்ளைப் பட்டுத் துணி ஒண்டு எடுத்து ஓரம் தைக்கிறா. புதுக் கிடங்குக்குள்ள வைக்கிற பெட்டிக்கு விரிக்கவாம். ஒரு முழம் கூட வராது. கண்ணாடியை மூக்கு நுனியில போட்டுக்கொண்டு, ஒரு தையல் பிழைச்சால் முழுக்கப் பிரிச்சுப்போட்டுத் திரும்பத் தைக்கிறா.

தைச்சுக்கொண்டே கேட்டா, "இஞ்சேருங்கோ, அண்டைக்கு மூண்டு பிடி மண் போட்டனீங்கள்தானே?"

இதை முதல் கேட்டது 1988-ல. பேந்து ஒவ்வொரு நவம்பரும் கேட்டிருக்கிறா.

"எத்தினை தரமப்பா கேட்கிறது? போட்டன், போட்டன்" எண்டு கத்திப்போட்டன்.

"கத்தாதேங்கோ. தகப்பன் போட்டால்தான் பிள்ளைக்குப் போய்ச் சேரும். அதுதான் கேட்டனான்."

கேத்தலில தண்ணி இல்லாமல் அடுப்பைப் போட்டு அடி கருகிப் போச்சு. புதுக் கேத்தல் வாங்க வேணும்.

பெப்ரவரி 22, வியாழன்

இண்டைக்கு நடந்ததை எழுத வேணும். எழுதாமல் விட்டால் நடக்கேல்லை எண்டு நானே சொல்லிப்போடுவன். என்னை எனக்குத் தெரியும்.

சங்கக் கூட்டத்துக்கு ஹல்லில இருந்து ஹீதர் வந்திருந்தா. வால்ட்டரின்ர பேத்தி. சின்னனில ரெண்டு பின்னலோட கடைக்கு வாற பிள்ளை, இப்ப நாப்பத்தஞ்சு வயசு, பள்ளிக்கூட ரீச்சர். ஒலிப்பதிவுப் பெட்டியை அமத்தினன். தேத்தண்ணிக் கோப்பையை ரெண்டு கையாலும் பிடிச்சுக்கொண்டு சொன்னா.

"எனக்கு ஒன்பது வயசு. அம்மப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போறது என்ர வேலை. அண்டைக்கு அவர் சேர்ச் வாசலில நிண்டார். கடைக்கார வில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி கொண்டு வந்து அவற்ற கையில குடுத்தார். குடுத்துப்போட்டுத் திரும்பிக் கடற்கரைப் பக்கம் நடந்தார். ஒருக்காக் கூடத் திரும்பிப் பாக்கேல்லை."

எல்லாரும் என்னைப் பாத்தினம். நான் பெட்டியில ஓடுற சிவப்பு வெளிச்சத்தைப் பாத்துக்கொண்டிருந்தன்.

"அம்மப்பா பெட்டியை மடியில வைச்சுக்கொண்டு மதிலில கனநேரம் இருந்தார். 'இவ்வளவு சின்னனைத் தனியப் படுக்க வைக்கேலாது, ஹீதர்' எண்டார். அவற்ற மூத்த மகள் ஆன், என்ர அம்மாவின்ர அக்கா, நாலு வயசில செத்துப்போனா. கிழக்கு வரிசையில கடைசி. அந்தக் கிடங்கைத் திறந்து ஆனுக்குப் பக்கத்தில வைச்சார். பாதிரியாரிட்டைக் கேட்காமல் செய்தது, அதால ஒருதருக்கும் சொல்லாதை எண்டார். மண் போடேக்க எனக்குத் தெரிஞ்ச ஒரு பாட்டைப் பாடச் சொன்னார். பேந்து ஒவ்வொரு வருசமும் ரெண்டு சிப்பி கொண்டுபோய் வைப்பன். ஒண்டு ஆனுக்கு, ஒண்டு வில்லின்ர பிள்ளைக்கு."

பேந்து என்ர பக்கம் திரும்பினா. "அம்மப்பா உங்களுக்குச் சொன்னவர்தானே? அடுத்த நாளே கடைக்குப் போய்ச் சொல்லுவன் எண்டவர்."

"ஓம்" எண்டன்.

பெட்டியை நிப்பாட்டினன். பிஸ்கட்டை எடுத்து எல்லாருக்கும் நீட்டினன்.

பெப்ரவரி 23, வெள்ளி

மழை. கூரைப் பீலியில இலை அடைச்சுக் கிடந்தது, எடுத்தன். பின்கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டன். லோசனி கூட்டம் எப்பிடி எண்டு கேட்டா. வழமைபோல எண்டன்.

பெப்ரவரி 26, திங்கள்

எட்டு மீட்டர் எழுபது.

வால்ட்டர் வந்தவர்தான். அடுத்த நாள் காலமை கடை திறந்த உடன வந்து, தொப்பியைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு நிண்டவர். "எவடத்தில வைச்சனான் எண்டு சொல்லட்டே, தம்பி?" எண்டு கேட்டவர். "வேண்டாம், எனக்குச் சொல்லாதேங்கோ" எண்டு சொன்னது நான். எவடம் எண்டு தெரிஞ்சால் போய்ப் பாக்க வேண்டி வருமெண்டு பயம். அவர் பேந்து எட்டு வருசம் புகையிலை வாங்க வந்தார். ஒரு நாளும் அந்தக் கதை எடுக்கேல்லை. நானும் கேட்கேல்லை. எட்டு வருசம் ஒவ்வொரு கிழமையும் எனக்கு முன்னால நிண்ட மனிசன்!

இண்டைக்கு ஜனவரி 23-ம் திகதிப் பக்கத்தைத் திருப்பி வாசிச்சன். எங்கட பக்கம் ஒண்டுமில்லை எண்டு எழுதியிருக்கிறன். நல்லாப் பசிச்சிருந்தது எண்டும் எழுதியிருக்கிறன்.

மார்ச் 5, செவ்வாய்

சேர்ச் அலுவலகத்தில இருந்து போன். வாற செவ்வாய், பன்ரெண்டாம் திகதி காலமை பத்து மணிக்கு மரத்துக்குக் கீழ தோண்டுவினமாம். "முப்பத்தஞ்சு வருசம், அதுவும் பச்சைக் குழந்தை எண்டால் ஒண்டும் மிஞ்சியிராது ஐயா, மனதை ஆயத்தப்படுத்திக்கொள்ளுங்கோ. அந்த இடத்து மண்ணைப் பெட்டியில எடுத்துத் தருவம்" எண்டான் போனில கதைச்ச பெடியன். நல்ல பெடியன்.

"சரி" எண்டன்.

மண்தானே. எந்த இடத்து மண்ணெண்டாலும் மண்தானே. லோசனி அதைத் துணியில சுத்திக் கொண்டுபோய் வைச்சு, ஒரு விளக்குக் கொளுத்தி, நிம்மதியா வீட்டை வருவா. ஆருக்கு என்ன நட்டம்? ஹீதர் சொன்னது புத்தகத்தில வந்தால் தமிழில வரப்போறதில்லை. லோசனி இங்கிலீசுப் புத்தகம் வாசிக்கிறேல்லை.

துணி தைச்சு முடிஞ்சுது. மூலையில ஒரு சின்ன மாங்காய்ப் பூவும் போட்டிருக்கிறா.

மார்ச் 11, திங்கள்

எட்டு மீட்டர் நாப்பது. அளந்துபோட்டு வீட்டை வந்தால், லோசனி சப்பாத்துத் துடைச்சுக்கொண்டிருக்கிறா. நாளைக்குப் போட. கறுப்புச் சப்பாத்து, புதுசு மாதிரி மினுங்குது.

"அவளைப் பாக்கப் போறன், ஊத்தைச் சப்பாத்தோட போறதே?" எண்டா. சிரிச்சா. எத்தினை வருசத்துக்குப் பிறகு இப்பிடிச் சிரிச்சவ எண்டு எனக்குத் தெரியேல்லை.

என்னாலை ஏலேல்லை. கதிரையில இருந்து எல்லாத்தையும் சொன்னன். வாசலில குடுத்துப்போட்டுப் போனதைச் சொன்னன். மூண்டு பிடியும் இல்லை, ஒரு பிடியும் இல்லை எண்டதைச் சொன்னன். இருட்டுப்பட வந்து பின்பக்கக் குழாயில குளிச்சுப்போட்டு, போட்டனான் எண்டு பொய் சொன்னதைச் சொன்னன். "எவடம்?" எண்டு அவ யன்னலில நிண்டு கேட்டவ. அந்த யன்னலால தெரிஞ்சது அந்த ஒரு மரம்தான். அதைக் காட்டினன். அவ்வளவுதான் காரணம். சேர்ச்சுக்கு அங்கால இருக்கிற கிழக்கு வரிசை எங்கட யன்னலுக்குத் தெரியாது.

பேந்து ஜனவரி காத்தையும் சொன்னன்.

லோசனி சப்பாத்தைக் கீழ வைச்சா. துணியை மடிச்சு அலுமாரிக்குள்ள வைச்சா. மேல போய்க் கதவைச் சாத்தினா. நான் அலுவலகத்துக்குப் போன் எடுத்து, நாளைக்கு வரவேண்டாம், இடம் பிழை எண்டன்.

மார்ச் 12, செவ்வாய்

நான் சமைச்சன். அவ சாப்பிடேல்லை.

மார்ச் 13, புதன்

பின்னேரம் கீழ வந்தா. குசினி மேசையில எனக்கு முன்னால இருந்தா. அழுவா எண்டு நினைச்சன். அழேல்லை.

"முப்பத்தஞ்சு வருசம் நான் மரத்தோட கதைச்சிருக்கிறன்" எண்டா.

நான் கேத்தலைப் போட எழும்ப, இருக்கச் சொன்னா.

"காலமை எழும்பினால் அதோடதான் முதல் கதை. காய்ச்சல் வந்தாலும் சொல்லுறது, அண்ணா செத்த சேதியும் சொல்லுறது. எல்லாரும் ஊரை விட்டுப் போகேக்க இந்த யன்னலுக்காகத்தான் நான் போகேல்லை. கடலில இருந்து காத்து வரேக்க ஏதோ கேட்கிற மாதிரி இருக்கும். காத்துத்தானே எண்டு யன்னலைச் சாத்திப்போடுவன். அந்தப் பக்கத்தைத்தான் நான் சாத்தினனான், என்ன?"

"லோசனி, என்னை மன்னியும்."

"மன்னிக்கிறதோ? எனக்கு இப்ப உங்களைப் பாக்கவே விருப்பமில்லை." எழும்பினா. கதவடியில நிண்டு திரும்பினா. "அந்தக் கிழவன்ர பிள்ளைக்கு எத்தினை வயசெண்டனீங்கள்?"

"நாலு."

"நாலு வயசெண்டால் எங்கட பிள்ளையைப் பாத்துக்கொண்டிருப்பாள்" எண்டுபோட்டு மேல போனா.

மார்ச் 17, ஞாயிறு

காலமை ஒன்பது மணிக்கு லோசனி கறுப்புச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கீழ வந்தா. கையில அந்த வெள்ளைத் துணி.

"வாங்கோ" எண்டா. நான் ஒண்டும் கேட்கேல்லை.

சேர்ச் வாசலுக்குள்ள கால் வைக்கேக்க ஒருக்கா நிண்டா. பேந்து வந்தா. நேர மரத்தடிக்குப் போனா. குனிஞ்சு, கையாலையே மண்ணைத் தோண்டித் துணியில போட்டா. நான் குனியப் போக, "நீங்கள் தொடாதேங்கோ, இன்னும் நேரமிருக்கு" எண்டா. "நான் கதைச்சது எல்லாம் இந்த மண்ணுக்குள்ளதான் கிடக்குது. அவளுக்கு இதைத்தான் குடுக்க வேணும்."

கிழக்குச் சுவரைத் தாண்டி நடந்தம். விளிம்பில இருந்து ரெண்டு மீட்டருக்குள்ள போகக்கூடாது எண்டு பலகை போட்டிருக்கினம். அந்தப் பலகையை அடிச்சு நட்டது நான். அதுக்கு அங்காலையும் போனம். கீழ கடல் மண்ணிறமாக் கிடந்தது, எங்கட களிமண் கரைஞ்சு கரைஞ்சு. மேற்குக் காத்து முதுகில அடிச்சது.

லோசனி துணியை விரிச்சு எனக்கு முன்னால பிடிச்சா.

"போடுங்கோ. நான் எண்ணுறன்."

ஒரு பிடி அள்ளிக் கடலுக்குள்ள போட்டன். "ஒண்டு" எண்டா. ரெண்டாவதைப் போட்டன். "ரெண்டு." மூண்டாவதை அள்ளிப்போட்டு என்னால கையைத் திறக்கேலாமல் போச்சு. முழங்காலில இருந்திட்டன். எழுபத்தொரு வயசு மனிசன், வாய் விட்டுக் குளறினன். அண்டைக்குக் குளறாததெல்லாம் வந்தது. லோசனி என்னை எழுப்பேல்லை, தேற்றேல்லை. பக்கத்தில நிண்டா. கனநேரத்துக்குப் பிறகு என்ர விரலை ஒவ்வொண்டா விரிச்சு விட்டா. மண் போச்சு.

"மூண்டு" எண்டா. அப்பதான் அவவின்ர குரல் உடைஞ்சுது.

துணியில மிச்சமிருந்ததை அவ தானே உதறினா. ஆனுக்கு எண்டு சொல்லி உதறினா. வீட்டை வந்து பின்பக்கக் குழாயில ரெண்டு பேரும் முழுகினம், உடுப்போட. தண்ணி ஐஸ். பக்கத்து வீட்டு மனிசி யன்னலால பாத்துப்போட்டுத் திரையை இழுத்து விட்டா.

மார்ச் 21, வியாழன்

நான் கூட்டத்துக்குப் போகேல்லை. மத்தியானம் ஹீதர் போன் எடுத்தா. நடந்ததை அவவுக்கு நான் திங்களே சொல்லிப்போட்டன். கிழக்கு வரிசையில இருந்து கடலுக்குப் போன ஆக்களுக்கெண்டு புத்தகத்தில கடைசிப் பக்கம் ஒண்டு விடினமாம், பேர் மட்டும். "ஆனுக்குக் கீழ உங்கட மகளைப் போட விருப்பம். பதிவேட்டில குடும்பப் பேர் மட்டும்தான் இருக்குது. என்னெண்டு போடட்டும்?"

"பேர் வைக்கேல்லை ஹீதர்" எண்டு சொல்ல வாயெடுத்தன். லோசனி வந்து போனைக் கையில இருந்து வாங்கினா. இத்தினை வருசம் கடையில நிண்டும் போனில இங்கிலீசு கதைக்கக் கூச்சப்படுற மனிசி, ஒவ்வொரு எழுத்தா, ஆறுதலாச் சொன்னா. ஹீதர் திருப்பிச் சொன்னதைக் கேட்டு, "ஓம், சரி" எண்டு வைச்சா.

நான் அவவைப் பாத்தன். "எப்ப பேர் வைச்சனீர்?"

"முப்பத்தோராம் நாள்" எண்டா. "யன்னலில நிண்டு மூண்டு தரம் கூப்பிட்டனான். நீங்கள் கீழ கடையில நிண்டனீங்கள்."

அவ சோறு வடிக்கப் போட்டா. புத்தகத்தில பிழையில்லாமல் வரவேணும் எண்டு ஒரு துண்டில எழுதிச் சட்டைப் பையில வைச்சிருக்கிறன். இஞ்சயும் எழுதிறன்.

ஆரணி.